மிர் வைரச் சுரங்கத்தை மூடியது குளிரா, நீரா?

சைபீரியாவில் இருக்கும் மிர் வைரச் சுரங்கத்தின் வான்படத்தைப் பார்த்துவிட்டு மூன்று கேள்விகள் கேட்கப்பட்டுள்ளன. சாலையே இல்லாத உறைபனிக் காட்டில் அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இரும்பே நொறுங்கும் குளிரில் எப்படித் தோண்டினார்கள்? அவ்வளவு வைரம் தந்த சுரங்கத்தை ஏன் கைவிட்டார்கள்? கடைசிக் கேள்விக்கான விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிர் சுரங்கத்துக்குக் குளிர் ஓயாத தொல்லையாக இருந்தது உண்மைதான், ஆனால் அதை முடித்துவைத்தது தண்ணீர். உறைந்த மண் பல பத்தாண்டுகள் அந்தப் பள்ளத்தின் சுவர்களைத் தாங்கிப் பிடித்திருந்தது. அதற்கும் கீழே உறையாமல் கிடந்த உப்புநீர் 2017ஆம் ஆண்டு ஒரே நாளில் சுரங்கத்தை மூழ்கடித்தது.

இடத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ரஷ்யாவின் யாக்குத்தியா, அதாவது சாகா குடியரசு, பரப்பளவில் இந்தியாவைவிடச் சற்றே சிறியது; அங்கு வாழும் மக்களோ ஏறத்தாழ 10 லட்சம் பேர்தான். லேனா ஆற்றின் துணையாறான வில்யூய் ஆற்றுப் படுகையில், ஊசியிலைக் காட்டுக்கு நடுவே மிர் அமைந்திருக்கிறது. குளிர்காலத்தில் வெப்பநிலை மைனஸ் 40க்குக் கீழே இறங்குவது அங்கே வழக்கம். கோடை குறுகியது, அந்தக் கோடையிலும் மேல்மண் மட்டுமே இளகிச் சேறாகும். அதற்குக் கீழே நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு மண்ணும் பாறையும் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும். இதைத்தான் நிரந்தர உறைநிலம் என்கிறோம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் அரசு வைரத்தைத் தேடியது நகைக்காக அன்று. துளையிடும் கருவிகளுக்கும் உலோகம் கடையும் தொழிலுக்கும் வைரமுனைகள் இல்லாமல் முடியாது. பனிப்போர் தொடங்கியபின் அவற்றை வெளியிலிருந்து வாங்குவது நாளுக்கு நாள் கடினமாகிக்கொண்டே வந்தது. சொந்த நாட்டிலோ உரால் மலைப் பகுதியில் 1829இல் பாவெல் பொப்போவ் என்ற பண்ணையடிமைச் சிறுவன் தங்கம் அரிக்கும்போது கண்டெடுத்த முதல் வைரத்துக்குப் பிறகு, ஆற்று மணலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடைத்தவைதான் இருப்பு. போருக்கு முன்பே விளாதிமிர் சோபொலெவ் என்ற புவியியலாளர், சைபீரியாவின் பழம்பாறைத் தளம் தென்னாப்பிரிக்க நிலத்தை ஒத்திருக்கிறது, அங்கே வைரம் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். 1949ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் கிரிகோரி ஃபைன்ஷ்தெய்னின் குழு, வில்யூய் ஆற்றங்கரையில் கிரெஸ்தியாக் என்ற சிற்றூருக்கு அருகே, மணல்திட்டு ஒன்றில் வைரத்தைக் கண்டெடுத்தது. சோபொலெவ் சொன்னது சரி என்று தெரிந்துவிட்டது. ஆனால் ஆற்று மணலில் கிடப்பவை எங்கிருந்தோ அடித்து வரப்பட்டவை. மூலம் எங்கே என்பதுதான் அடுத்த ஐந்தாண்டுகளின் கேள்வி.

மூலம் என்பது கிம்பர்லைட் குழாய். நிலத்துக்கடியில் 150 கிலோமீட்டருக்கும் கீழே, பெரும் அழுத்தத்தில் விளைந்த வைரங்களை வாரிச் சுமந்தபடி வேகமாக மேலெழுந்த பாறைக்குழம்பு, நிலத்தைப் பிளந்து வெளியேறிய வழியிலேயே இறுகிப்போனால், மேலே அகன்றும் கீழே குறுகியும் முள்ளங்கியைப் போன்ற வடிவில் ஒரு பாறைத்தூண் உண்டாகும். மிர் குழாய் இப்படி உருவாகி ஏறத்தாழ 36 கோடி ஆண்டுகள் ஆகின்றன. காட்டுக்குள் இந்தக் குழாயின் வாயை வெறுங்கண்ணால் கண்டுபிடிக்க முடியாது; அதன்மேல் மண்ணும் பாசியும் மரமும் மூடியிருக்கும். வைரத்தையே தடயமாக வைத்துத் தேடினாலும் பயனில்லை, ஏனென்றால் நல்ல குழாயிலும்கூட ஒரு டன் பாறையில் கிடைக்கும் வைரம் மொத்தமாக ஒரு கிராமைத் தொடுவதே அரிது.

இந்த முடிச்சை அவிழ்த்தவர்கள் லெனின்கிராடைச் சேர்ந்த இரண்டு பெண்கள்: நத்தாலியா சர்சாட்ஸ்கிக், லரீசா பொபுகாயெவா. கிம்பர்லைட்டில் வைரத்தோடு கூடவே, வைரத்தைவிடப் பன்மடங்கு அதிகமாக, பைரோப் என்னும் இரத்தச் சிவப்பான கார்னெட் மணி இருக்கும். நம்மவர்களுக்குக் கார்னெட் புதிதன்று; தென் தமிழகக் கடற்கரையில் சிவப்பாகப் படிந்து கிடக்கும் தாது மணலில் இருப்பதும், நவமணிகளில் ஒன்றான கோமேதகமும் அதே குடும்பம்தான், வகைதான் வேறு. 1953இல் தால்தின் ஆற்றுப் பகுதியில் அரித்த மணலில் இவர்கள் கண்ட சிவப்பு மணிகளை, லெனின்கிராடில் கனிமவியலாளர் அலெக்சாந்தர் குகாரென்கோ தம்மிடமிருந்த தென்னாப்பிரிக்கக் கிம்பர்லைட் மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பைரோப் என்று உறுதிசெய்தார். அதன்பின் வழி தெளிவாகிவிட்டது. ஓடையின் மணலைத் தட்டில் அரித்துச் சிவப்பு மணிகளை எண்ண வேண்டும். எண்ணிக்கை கூடும் திசையில் ஓடையின் போக்குக்கு எதிராக நடக்க வேண்டும். மணிகள் திடீரென்று நின்றுபோனால், மூலத்தைத் தாண்டி வந்துவிட்டோம் என்று பொருள், திரும்பிக் கரையேறித் தேட வேண்டும். சொல்லும்போது எளிது. கொசு மேகமாக மொய்க்கும் சதுப்பில், நாளெல்லாம் பனிநீரில் கைவைத்து, ஒவ்வொரு தட்டாக அரித்துப் பார்க்க வேண்டிய வேலை அது.

1954ஆம் ஆண்டு சர்சாட்ஸ்கிக்குக்குக் குழந்தை பிறந்ததால் அவர் வர முடியவில்லை. தம் சிறு மகளை வீட்டில் விட்டுவிட்டுப் பொபுகாயெவா கிளம்பினார்; உடன் வந்தவர் ஃபியோதர் பெலிகோவ் என்ற உதவியாளர் மட்டுமே. ஆகஸ்ட் 21 அன்று, பைரோப் தடத்தைத் தொடர்ந்து கரையேறிய அவர்கள், பாசியைப் பிய்த்துப் பார்த்த இடத்தில் சிவப்பு மணிகள் பதிந்த நீலச் சாயல் கொண்ட பாறை தென்பட்டது. சோவியத் நாட்டில் கண்டறியப்பட்ட முதல் கிம்பர்லைட் குழாய் அதுதான். தொலைவில் வெட்டும் மின்னலைக் குறிக்கும் ஸர்னிட்சா என்ற சொல்லை அவர் அதற்குப் பெயராக வைத்தார். ஸர்னிட்சா வைரச் செழிப்பில் அவ்வளவு சிறந்ததாக அமையவில்லை என்பது வேறு கதை. தேடும் முறை வேலை செய்கிறது என்பதை அது மெய்ப்பித்ததுதான் முக்கியம்.

அதற்குப்பின் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் கசப்பாகவே இருக்கிறது. நியூர்பாவைத் தலைமையிடமாகக் கொண்ட அமாக்கின்ஸ்காயா ஆய்வுப் படை அதே பகுதியில் ஆண்டுக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தது; வெளியிலிருந்து வந்த ஒரு பெண் ஒரே கோடையில் கண்டுபிடித்துவிட்டது அங்கிருந்தவர்களுக்கு உவப்பாக இல்லை. அந்த அமைப்பிலேயே சேர்ந்துவிட்டதாக எழுதித்தரும்படி பொபுகாயெவா நெருக்கப்பட்டார், எழுதியும் கொடுத்தார். லெனின்கிராடுக்குத் திரும்பியபோது சொந்த நிறுவனத்தார் அவரைத் துரோகியாகப் பார்த்தார்கள். 1957இல் யாக்குத்திய வைரங்களுக்காக லெனின் பரிசு வழங்கப்பட்டபோது இரண்டு பெண்களின் பெயர்களும் பட்டியலில் இல்லை. பொபுகாயெவாவுக்கு லெனின் விருதுப் பதக்கம் கிடைத்தது. ஆனால் கண்டுபிடித்தவர் என்ற அதிகாரப்பூர்வமான ஏற்பு 1970இல்தான் வந்தது, அதன்பின் ஏழே ஆண்டுகளில் அவர் இறந்துவிட்டார். முறையை வகுத்துக் கொடுத்த சர்சாட்ஸ்கிக் இன்னும் நீண்ட காலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

முறை கைக்கு வந்ததும் அடுத்த கோடையில் கண்டுபிடிப்புகள் குவிந்தன. யூரி கபார்தின், எக்கத்தெரீனா எலாகினா, விக்தர் அவ்தேயென்கோ ஆகியோர் இரெலியாக் என்ற சிற்றாற்றின் பகுதியில் பைரோப் தடத்தைப் பிடித்து வந்தபோது, ஒரு லார்ச் மரத்தின் வேருக்கடியில் நரி தோண்டிய வளையிலிருந்து நீல மண் வெளியே தள்ளப்பட்டிருந்ததைக் கண்டார்கள் என்று அந்த நாளின் கதை சொல்லப்படுகிறது. நாள் 1955 ஜூன் 13. கண்டுபிடிப்பு அரசு இரகசியம் என்பதால் கம்பியில்லாத் தந்தியில் வெளிப்படையாகச் சொல்ல முடியாது. ஆகவே அவர்கள் அனுப்பிய செய்தி, "அமைதிக் குழாயைப் பற்றவைத்தோம், புகையிலை அருமை" என்ற பொருளில் இருந்தது. ரஷ்ய மொழியில் புகைக்கும் குழாய்க்கும் பாறைக் குழாய்க்கும் சொல் ஒன்றே; தமிழிலும் அந்தச் சிலேடை ஏறத்தாழ அப்படியே உட்கார்ந்துவிடுகிறது. மிர் என்றால் அமைதி. தந்தியில் ஒளித்துவைத்த சொல்லே சுரங்கத்தின் பெயராக நிலைத்தது. இரண்டு நாள் கழித்து, வடக்கே பல நூறு கிலோமீட்டர் தொலைவில், விளாதிமிர் ஷூகினின் குழு உதாச்னயா குழாயைக் கண்டுபிடித்தது.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். 1957இல் யாக்குத்அல்மாஸ் என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டு, மிர் குழாயில் தோண்டும் பணி ஆரம்பமானது. முதலில் வந்தவர்கள் கூடாரங்களில் அடுப்பு மூட்டி வாழ்ந்தார்கள். அந்தக் கூடார ஊர்தான் 1959இல் மிர்னி நகரமானது. ஆணி முதல் டிராக்டர் வரை எல்லாமே கோடையில் லேனா ஆற்றின் வழியாக முக்துயா துறைக்கு வந்து, அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேலாகக் காட்டுவழியில் கொண்டுவரப்பட வேண்டும். அந்தத் துறைதான் இன்றைய லென்ஸ்க் நகரம். இதில் வேடிக்கை என்னவென்றால், கனரக வண்டிகளுக்குக் குளிர்காலமே நல்ல காலம்: சதுப்பும் ஆறும் உறைந்து சாலையாகிவிடும், கோடையில் அதே வழி வண்டியை விழுங்கும் சேறு.

குளிர் பொருள்களின் குணத்தையே மாற்றிவிடும். சாதாரண எஃகு மைனஸ் 40க்குக் கீழே வளையாது, கண்ணாடியைப்போலப் படீரென்று உடையும். மண்வாரி இயந்திரத்தின் பற்களும் அச்சுகளும் அப்படித்தான் போயின. டயர் ரப்பர் விறைத்துப் பிளந்தது, எண்ணெய் கெட்டிப்பட்டது, ஒருமுறை நிறுத்திய எஞ்சினை மறுபடி இயக்குவதற்குள் பொழுது போய்விடும் என்பதால் வண்டிகளை நிறுத்தாமலே ஓடவிட்டார்கள். உறைந்த மண் கான்கிரீட்டைப்போல இறுகியிருந்ததால், வெறும் மண்ணை அள்ளுவதற்கும் வெடி வைக்க வேண்டியிருந்தது.

கட்டடம் கட்டுவது அதைவிட நுட்பமான சிக்கல். உறைநிலத்தின்மேல் நம் ஊர் வழக்கப்படி கடைக்கால் போட்டு வீடு கட்டினால், வீட்டுக்குள் மூட்டும் வெப்பம் தரை வழியே இறங்கி மண்ணை இளக்கிவிடும். ஓரிரு ஆண்டுகளில் சுவர் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அதனால் மிர்னியில் அடுக்குமாடிக் கட்டடங்கள் எல்லாம் தூண்களின்மேல் நிற்கின்றன. நிலத்தில் ஆழத் துளையிட்டுத் தூணை இறக்கினால், சுற்றியுள்ள மண் மறுபடியும் உறைந்து அதை இறுகப் பிடித்துக்கொள்ளும்; தரைக்கும் வீட்டுக்கும் இடையே விடப்பட்ட திறந்த வெளியில் குளிர்காற்று வீசி மண்ணை உறைநிலையிலேயே வைத்திருக்கும். வெந்நீர்க் குழாய்களும் கழிவுநீர்க் குழாய்களும் தரைக்கு மேலே, தடித்த உறை போர்த்தி, தெருவைத் தாண்டும் இடத்தில் வளைவுபோல் எழும்பிச் செல்லும். குளிரை விரட்டப் பார்த்தவர்கள் அங்கே தோற்றார்கள், குளிரையே காரையாகப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் கட்டினார்கள். மின்சாரத்துக்காக வில்யூய் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டு 1967இல் இயங்கத் தொடங்கிய நீர்மின் நிலையமும் உறைநிலத்தின்மேலேதான் நிற்கிறது. மிர்னிக்கும் உதாச்னயாவுக்கும் ஒளி தந்த அதே அணை, மரங்களை வெட்டி அகற்றாமலே காட்டை மூழ்கடித்தது. கீழ்ப்பகுதியில் ஆற்றுநீரையும் மீனையும் நம்பி வாழ்ந்த சாகா மக்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் முறையீடு அங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்நாளைய திட்டமிடுபவர்களின் துணிச்சல் எதுவரை போனது என்பதற்கு ஒன்று சொல்கிறேன்: 1974 அக்டோபர் 2 அன்று, உதாச்னயா குழாயருகே உள்ள உதாச்னி நகருக்குச் சில கிலோமீட்டர் தொலைவில், சுரங்கக் கழிவைத் தேக்கும் அணைக்காக நிலத்தடியில் ஓர் அணுகுண்டையே வெடித்தார்கள். எட்டு வெடிப்புகள் திட்டம். முதல் வெடிப்பின் கதிரியக்கக் கசிவைக் கண்டபின் மீதி ஏழு கைவிடப்பட்டன.

பாறையை நொறுக்கியபின் வைரத்தைப் பிரிப்பதிலும் தனி வழி கண்டார்கள். வைரம் நீரில் நனையாது, கொழுப்பில் ஒட்டும். அதனால் கொழுப்புத் தடவிய மேசைமேல் நீரோடு கலந்து ஓடவிடுவது ஆப்பிரிக்கச் சுரங்கங்களின் பழைய முறை. சோவியத் பொறியாளர்கள் எக்ஸ் கதிரைப் பெருமளவில் பயன்படுத்தினார்கள். இருண்ட அறையில் துகள்கள் வரிசையாக விழும்போது கதிர் பட்டால் வைரம் மட்டும் நீலமாய் ஒளிரும், அதை உணர்கருவி கண்டதும் காற்று பீய்ச்சியடித்து அந்தத் துகளைத் தனியே தள்ளிவிடும். 1980 டிசம்பர் 23 அன்று மிர் சுரங்கத்தில் 342.5 காரட் எடையுள்ள ஒரு வைரம் கிடைத்தது. அதுவரை அந்த நாட்டில் கிடைத்தவற்றில் அதுவே பெரியது. அதற்கு வைத்த பெயர் "சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் 26ஆவது மாநாடு". உலகின் பெரிய வைரங்களில் இவ்வளவு கவிதையில்லாத பெயர் வேறொன்றுக்கு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

விற்பனையின் கதை இதைவிட விசித்திரமானது. தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சியை மேடைதோறும் கண்டித்துவந்த அதே சோவியத் அரசு, தன் வைரங்களின் பெரும்பகுதியைத் தென்னாப்பிரிக்க வைர நிறுவனமான டி பியர்ஸ் நடத்திய ஒற்றை விற்பனை வழியாகவே, லண்டன் இடைத்தரகர்கள் மூலம் ஓசையில்லாமல் உலகச் சந்தைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. விலை சரியாமல் இருப்பதில் இரு தரப்புக்கும் ஒரே அக்கறை. சோவியத் யூனியன் கலைந்தபின் 1992இல் உருவான அல்ரோசா நிறுவனத்தில் இன்று ரஷ்ய அரசுக்கு 33 விழுக்காடும் சாகா குடியரசுக்கு 25 விழுக்காடும், வைர நிலங்கள் அமைந்த மாவட்டங்களுக்கு 8 விழுக்காடும் பங்கு உண்டு. இந்த வைரங்களில் பெரும்பகுதி பட்டை தீட்டப்படுவது குஜராத்தின் சூரத் நகரில். 2022இலிருந்து அல்ரோசாமீது விதிக்கப்பட்ட மேற்கத்தியத் தடைகள் அந்தப் பட்டறைகளையும் தொட்டதற்கு அதுவே காரணம்.

ஹெலிகாப்டர்களைப் பள்ளம் உறிஞ்சி விழுங்குகிறது என்ற கதையும் உலவுகிறது. பள்ளம் 525 மீட்டர் ஆழமும் 1.2 கிலோமீட்டர் அகலமும் கொண்டது. அவ்வளவு பெரிய குழிக்கு மேலே காற்று சுழன்று வீசும், தாழப் பறப்பவர்கள் கவனமாக இருக்கத்தான் வேண்டும். ஆனால் விழுங்கப்பட்ட ஹெலிகாப்டர் எது, எந்த நாளில் என்று அந்தக் கதையைப் பரப்புபவர்கள் யாரும் சொல்வதில்லை. நகரின் விமான நிலையமோ அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்திலேயே இயங்கிவருகிறது.

இப்போது தண்ணீர். குல்பி விற்பவர் பனிக்கட்டியோடு கல்லுப்பைப் போட்டுவைப்பதைப் பார்த்திருப்போம். உப்பு கலந்த நீர் பூஜ்ஜியத்துக்குக் கீழே போனாலும் உறையாது. மிர் குழாயைச் சுற்றி உறைநிலத்துக்கு அடியில் இருப்பது அப்படிப்பட்ட அடர்ந்த உப்புநீர். அதில் பாறை எண்ணெயும் அழுகிய முட்டை நாற்றம் வீசும் ஹைட்ரஜன் சல்பைடும் கலந்திருக்கும். மேலே இருக்கும்வரை பள்ளத்தின் சுவர்கள் உறைந்த பாறை, உறுதியாக நின்றன. பள்ளம் ஆழமாகிப் பனியின் அடித்தளத்தைத் தாண்டியதும், இந்த உப்புநீர்ப் படிவத்தின் கழுத்தில் ஓட்டை போட்டதுபோல் ஆயிற்று. பாறை வெடிப்புகளில் சிமென்ட் கலவையைச் செலுத்தித் திரை எழுப்பினார்கள். துளைக்கிணறுகள் வைத்து இரவும் பகலும் இறைத்தார்கள். இறைத்த நீரை ஆற்றில் விட முடியாது, விட்டால் ஆறு செத்துவிடும். அதனால் அதை வேறிடத்தில் நிலத்துக்குள்ளேயே திருப்பிச் செலுத்த வேண்டியிருந்தது. பம்புகள் நின்றால் பள்ளம் நிரம்பிவிடும் என்ற நிலையிலேயே கடைசிப் பத்தாண்டுகள் கழிந்தன.

இவ்வளவு ஆழத்துக்குப் பிறகு திறந்தவெளியில் தோண்டுவது கட்டுப்படியாகாது என்று 2001இல் அதை நிறுத்தினார்கள். குழாயில் வைரம் தீர்ந்துவிடவில்லை; எனவே பள்ளத்துக்குக் கீழே நிலத்தடிச் சுரங்கம் அமைத்து 2009இல் திறந்தார்கள். பழைய பள்ளத்தின் அடிப்பகுதியில் தேங்கும் நீருக்கும் கீழே ஆள்கள் வேலை செய்யும் குகைகளுக்கும் இடையே, வெட்டாமல் விடப்பட்ட பாறைத் தட்டு ஒன்று கூரைபோல் இருந்தது. அந்த ஏற்பாட்டை இன்று படத்தில் பார்த்தாலே நெஞ்சு திக்கென்கிறது: தலைக்குமேல் ஒரு குளம், அதைத் தாங்குவது சில பத்து மீட்டர் பாறை, அந்தப் பாறையையோ உப்புநீர் ஓயாமல் அரித்துக்கொண்டிருக்கிறது.

2017 ஆகஸ்ட் 4 அன்று பள்ளத்தின் நீர் உடைத்துக்கொண்டு சுரங்கத்துக்குள் பாய்ந்தது. அப்போது கீழே 151 பேர் இருந்தார்கள். அன்றே 142 பேர் மேலே கொண்டுவரப்பட்டார்கள். மறுநாள் இன்னும் ஒருவர் உயிரோடு மீட்கப்பட்டார். மீதி எட்டுப் பேரைத் தேடி மூன்று வாரங்கள் மீட்புக் குழுவினர் சேறு நிறைந்த பாதைகளில் இறங்கிப் பார்த்தார்கள். நீர்வரத்து நிற்காததாலும் பாறைகள் சரிந்துகொண்டே இருந்ததாலும் ஆகஸ்ட் 26 அன்று தேடுதல் நிறுத்தப்பட்டது. அந்த எட்டுப் பேரும் கிடைக்கவே இல்லை.

பள்ளம் இன்றும் அப்படியே இருக்கிறது. ஆயிரம் மீட்டருக்கும் கீழே இன்னும் வைரம் இருப்பதால், மிர்-கிளுபோக்கி, அதாவது ஆழ்மிர், என்ற பெயரில் புதிய சுரங்கம் அமைக்கும் திட்டத்தை அல்ரோசா அறிவித்திருக்கிறது. வெள்ளம் புகுந்த பழைய மேல்மட்டங்களை விட்டுவிட்டு, குழாயின் ஆழப் பகுதியை மட்டும் புதிய வழியில் சென்று எட்டுவதுதான் அதன் நோக்கம்.